எந்த வாசலில் போய் நிற்பது?

இந்தப் பகுதிக்குக் கடல் கடந்த மடல் என்று பெயர் வைத்துவிட்டு என்னையும் எழுதச் சொன்னபோது, சென்னைக்கும் தில்லிக்கும் நடுவில் கடலே இல்லையே என்று ஆசிரியரிடம் கேட்டேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 33 மணி நேரம் உட்கார்ந்து வந்தவர்களுக்குக் கடல் விலக்கு உண்டு என்றார். விலக்கு வாங்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாத மடல் திருநெல்வேலி வாசகர் ஒருவருக்கான பதில். மகனுக்கு நொய்டாவில் வேலை கிடைத்திருக்கிறது. அவரும் மனைவியும் மகனோடு வந்து தங்கப் போகிறார்கள். மனைவிக்குச் சர்க்கரை உண்டு, இதயத்திலும் பழைய கோளாறு ஒன்று இருக்கிறது. "தில்லியில் நல்ல ஆஸ்பத்திரி எது அம்மா? ஒன்று சொன்னால் போதும்" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தை எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "எய்ம்ஸ்னு எழுதிடு, வேலை முடிஞ்சுது" என்றார். தில்லித் தமிழர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைத்தான் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேர் காய்ச்சல் வந்தால்கூட அங்கே போனது கிடையாது என்பது வேறு விஷயம்.

எய்ம்ஸ் பெரிய இடம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர், கபூர்தலா அரச குடும்பத்தில் பிறந்து காந்தியின் செயலாளராக இருந்தவர், பிடிவாதமாக நின்று உண்டாக்கிய நிறுவனம் அது. நியூசிலாந்து அரசு பணம் கொடுத்தது. 1956-ல் தனிச் சட்டம் போட்டுத் தொடங்கினார்கள். சிம்லாவில் இருந்த தம் சொந்த வீட்டைக்கூட அந்த அம்மாள் எய்ம்ஸுக்கே எழுதிவைத்துவிட்டார். டாக்டர்களுக்கு உயர் படிப்புச் சொல்லிக் கொடுப்பது, ஆராய்ச்சி செய்வது, மற்ற இடங்களில் பார்க்க முடியாத நோயைப் பார்ப்பது, இதற்காகத்தான் அதைக் கட்டினார்கள். நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவைச் சிகிச்சையை டாக்டர் பி. வேணுகோபால் 1994 ஆகஸ்டில் அங்கேதான் செய்தார்.

அந்த இடத்தில் இன்று வெளிநோயாளிகளாக மட்டும் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். விடியற்காலையில் எய்ம்ஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். சுரங்கப்பாதையிலும் நடைபாதையிலும் போர்வை விரித்துப் படுத்திருப்பவர்கள் தலைமாட்டில் எக்ஸ்ரே கவர் இருக்கும். பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் என்று வந்தவர்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு நல்ல ஆஸ்பத்திரி இருந்திருந்தால் அவர்கள் இங்கே படுத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு 'தாரீக்': ஸ்கேனுக்கு ஒரு தேதி, அதற்குப் பிறகு டாக்டரைப் பார்க்க ஒரு தேதி, அறுவைச் சிகிச்சைக்கு எப்போதோ ஒரு தேதி. மாசக்கணக்கில் தள்ளிப்போகும்.

மாதாமாதம் சர்க்கரை பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதற்கு உங்கள் மனைவியை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். அவருக்கும் நல்லதல்ல, பீகாரின் தர்பங்காவிலிருந்து வந்து அதே வரிசையில் நிற்கிறவருக்கும் நல்லதல்ல. வால்வில் சிக்கல், உறுப்பு மாற்று, அரிய நோய், இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிற விவகாரம் என்றால் எய்ம்ஸுக்கு இணை கிடையாது. அப்போது காத்திருப்பதிலும் அர்த்தம் உண்டு. 2015-லிருந்து இணையத்திலேயே முன்பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்ததும், எந்தத் துறை என்று கேட்கும். நெஞ்சு எரிகிறது என்றால் இதயத் துறையா, குடல் துறையா? அதை நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. தப்பான துறையில் தேதி வாங்கிவிட்டு, அந்த நாளில் போய், "இது எங்கள் கேஸ் இல்லை" என்று திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2022 நவம்பரில் எய்ம்ஸின் கணினிகளைச் சைபர் தாக்குதல் முடக்கிப் போட்டது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் எல்லாமே கையால் எழுதினார்கள். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியானாலும் உங்கள் காகிதம் உங்கள் கையில் ஒரு ஃபைலில் இருக்கட்டும். "அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று நம்பி இருக்காதீர்கள்.

தில்லியில் யார் ஆஸ்பத்திரி எது என்பதே ஒரு தனிப் படிப்பு. நம் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி என்று ஒரே அரசின் படிக்கட்டு இருக்கிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்பது சீட்டில் எழுதியிருக்கும். இங்கே சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா, லேடி ஹார்டிங் மூன்றும் மத்திய அரசுடையவை. லோக் நாயக், ஜி.பி. பந்த், குரு தேக் பகதூர் ஆகியவை தில்லி அரசுடையவை. இந்து ராவும் கஸ்தூர்பாவும் மாநகராட்சிக்குச் சொந்தம். ரயில்வே, ராணுவம், இ.எஸ்.ஐ. எல்லாம் தனித்தனி. ஒன்றின் சீட்டு மற்றதில் பல நேரம் செல்லாது. 2020-ல் இந்து ராவ் டாக்டர்கள் சம்பளம் வரவில்லை என்று போராடினார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த சமயம் அது. மாநகராட்சி, மாநில அரசு, மத்திய அரசு மூன்றும் ஒன்றை ஒன்று கைகாட்டின.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோஷலிஸ்ட் தலைவர் லோகியா 1967-ல் வில்லிங்டன் ஆஸ்பத்திரியில் புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு தேறவே இல்லை, அங்கேயே இறந்தார். சிகிச்சையில் கோளாறு என்று அன்று பெரிய சர்ச்சை. பிற்பாடு அதே ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நரேலாவில் இருக்கும் தில்லி அரசு ஆஸ்பத்திரிக்கு சத்தியவாதி ராஜா ஹரிச்சந்திரா என்று பெயர். மயானம் காத்தவர் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைக்கத் தமிழ்நாட்டில் எந்த அதிகாரியும் துணியமாட்டார்.

இவ்வளவையும் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. ஆஸ்பத்திரியைத் தேடும் முன் ஒரு டாக்டரைத் தேடுங்கள் என்று சொல்லத்தான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், எம்.பி.பி.எஸ். படித்த, பதிவு எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருக்கிற, உங்கள் மனைவி சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிற ஒரு சாதாரண டாக்டர். எந்த வாசலில் போய் நிற்கக் கூடாது என்று சொல்கிற ஆள் அவர்தான்.

தில்லித் தமிழர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. லோதி காலனி, சரோஜினி நகர், ஆர்.கே. புரம் என்று அரசுக் குடியிருப்புகளில் ஸ்டெனோவாகவும் அசிஸ்டன்டாகவும் வாழ்ந்த தலைமுறைக்கு சி.ஜி.ஹெச்.எஸ். டிஸ்பென்சரி இருந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்காக 1954-ல் தில்லியில்தான் அதைத் தொடங்கினார்கள். காலையில் டோக்கன் எடுத்து, முன்னால் உட்கார்ந்திருக்கும் மாமியிடம் மயிலாப்பூர் செய்தி கேட்டு, டாக்டரிடம் இருமிக் காட்டி, வெள்ளை மாத்திரையும் சிவப்பு மருந்தும் வாங்கி வருவோம். எதற்கெடுத்தாலும் அதே மாத்திரை என்று கேலி செய்வோம். ஆனால் அந்த டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. என் மாமியாருக்கு மூச்சு வாங்கியபோது, "இதயம் இல்லை, ரத்தம் குறைவு" என்று கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தே சொன்னவர் டிஸ்பென்சரியில் இருந்த ஒரு மலையாள டாக்டரம்மாதான். இரண்டு பெரிய பரிசோதனைகள் மிச்சம்.

இப்போது டிஸ்பென்சரிக்கு 'வெல்னஸ் சென்டர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எழுபது வயது தாண்டியவர்கள் அந்தச் சீட்டு இல்லாமலே பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கலாம். முதியவர்களை அலைக்கழிக்காத நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் முழங்காலுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று நான்கு நிபுணர்கள் எழுதிய பதினொரு மாத்திரையை ஒரே தட்டில் கொட்டி விழுங்குகிற பெரியவர்களைப் பார்க்கிறேன். அந்தப் பதினொன்றையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் ஒருவரும் இல்லை.

முதல் படியில் ஒரு டாக்டர், அவர் அனுப்பினால் மேல் படி என்பது ஒன்றும் புது யோசனை அல்ல. 1946-ல் போர் என்பவர் தலைமையிலான குழு ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணத்தை முன்வைத்தது. அதற்குப் பிறகு நிலைமை எப்படி என்று பார்த்துச் சொல்ல அமைத்த குழுவுக்குத் தலைவர் நம் ஏ. லட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத்தை நெடுங்காலம் ஆண்ட டாக்டர். இருக்கிற நிலையங்களை முதலில் பலப்படுத்துங்கள், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் நிபுணர்களை வையுங்கள் என்று 1960-களின் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார். தமிழ்நாடு ஓரளவு கேட்டது. தலைநகரம் கேட்கவில்லை.

கேட்க முயன்றது 2015 ஜூலையில். பீராகடியில் முதல் மொஹல்லா கிளினிக்கைத் திறந்தார்கள். ஒரு தகரப் பெட்டி போன்ற அறை, ஒரு டாக்டர், இலவச மாத்திரை, இலவச ரத்தப் பரிசோதனை. ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் பாராட்டிக் கடிதம் எழுதினார். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண், ஒரு நாள் கூலியை இழக்காமல் டாக்டரைப் பார்த்தது அப்போதுதான். ஆயிரம் திறப்போம் என்றார்கள். ஐந்நூற்றுச் சொச்சத்தில் நின்றுபோனது. 2025 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையைப் படித்தால் வருத்தமாக இருக்கிறது: சில கிளினிக்குகளில் கழிப்பறையே இல்லை, பெரும்பாலான நோயாளிகள் டாக்டர் முன்னால் இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆட்சி மாறியதும் இவற்றின் இடத்தில் 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று திறந்து வருகிறார்கள். பலகை மாறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உள்ளே அதே டாக்டர் அடுத்த மாதமும் இருக்கிறாரா என்பதுதான் நான் பார்ப்பது.

அவசரம் என்று வந்தால் மேலே சொன்ன முறை எதுவும் பொருந்தாது. அப்போது படி கிடையாது, தூரம்தான் கணக்கு.

எங்கள் அடுக்கில் ஒரு பெரியவருக்கு இரவு நெஞ்சு வலி. மகன், மருமகள், மாடி வீட்டுக்காரர் மூவரும் வாசலில் நின்று எந்த ஆஸ்பத்திரி என்று விவாதம் செய்தார்கள். நல்ல பெயர் உள்ளது யமுனைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் இருப்பதற்குப் பெயர் போதாது. கடைசியில் பக்கத்தில் இருப்பதற்கே போனார்கள். அங்கே இதயக் குழாய் அடைப்பை எடுக்கும் கேத் லேப் இரவிலும் ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தார். ஓடாமல் இருந்திருந்தால்? ஆகவே நல்ல நாளிலேயே ஒரு காரியம் செய்து வையுங்கள். வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு நேரில் போய் வரவேற்பில் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய ஆள் இருக்குமா? சி.டி. ஸ்கேன் எந்த நேரமும் உண்டா? பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. எடுத்தாக வேண்டும். இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிற இடத்தை மனசிலிருந்து அழித்துவிடலாம். கண்ணாடி மாளிகையாக இருந்தாலும் சரிதான்.

சின்ன நர்சிங் ஹோம் என்றால் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். தில்லியில் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி நர்சிங் ஹோம் பதிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதைச் சுவரில் தேடுங்கள், தேதியையும் பாருங்கள். அவசர வழி எங்கே என்றும் பாருங்கள். 2024 மே மாதம் கிழக்கு தில்லி விவேக் விஹாரில் பச்சிளங்குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று இரவில் தீப்பிடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். உரிமம் காலாவதியாகியிருந்தது பிறகுதான் வெளியே வந்தது.

விபத்து என்றால் எய்ம்ஸின் பிரதான கட்டடத்துக்கு ஓடக் கூடாது. அதற்கென்று ஜெய்பிரகாஷ் நாராயண் டிராமா சென்டர் ரிங் ரோட்டில் தனியாக இருக்கிறது. தீக்காயம் என்றால் சப்தர்ஜங். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி அது. கூட்டம் தாங்காமல் ஒரே கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்தாவது பார்ப்பார்களே ஒழிய, திருப்பி அனுப்பமாட்டார்கள் என்ற பெயர் அதற்கு உண்டு. நான் மதிக்கிற ஆஸ்பத்திரி.

திருப்பி அனுப்பக் கூடாது என்பது சட்டமும்கூட. பரமானந்த் கட்டாரா என்ற தில்லி வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், அவசர நோயாளியை முதலில் காப்பாற்று, போலீஸ் சடங்கெல்லாம் பிறகு என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தும் 2015 டெங்கு காலத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவனை ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆஸ்பத்திரிகள் படுக்கை இல்லை என்று அனுப்பின. அவன் இறந்தான். அவன் பெற்றோரும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தச் செப்டம்பரை தில்லியில் இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை.

இனி பணம். இதில் நம்மவர்கள் அறியாத ஒரு உரிமை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் இதைப் படிக்கிற வேறொருவருக்குத் தேவைப்படும்.

தில்லியின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் பலவும் அரசிடம் சலுகை விலையில் நிலம் வாங்கிக் கட்டியவை. ஏழைகளுக்கு இலவசமாகப் பார்ப்போம் என்ற நிபந்தனையோடுதான் நிலத்தைக் கொடுத்தார்கள். நிலம் கைக்கு வந்ததும் நிபந்தனை மறந்துபோயிற்று. வழக்குப் போட்டார்கள். 2007 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: படுக்கைகளில் நூற்றுக்குப் பத்து, வெளிநோயாளிகளில் நூற்றுக்கு இருபத்தைந்து, மருந்து பரிசோதனை உட்பட முழுக்க இலவசம். எங்கள் நிலப் பத்திரத்தில் அப்படி எழுதவில்லை என்று சில ஆஸ்பத்திரிகள் மேலே போயின. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. சரிதா விஹாரில் இருக்கும் இந்திரபிரஸ்தா அப்போலோ தனிக் கதை. சென்னையில் பிறந்த நிறுவனம் என்று நமக்குச் சொந்தம் கொண்டாடத் தோன்றும். 15 ஏக்கர் நிலம், வாடகை ஒரு ரூபாய், தில்லி அரசும் பங்குதாரர். அதற்கு ஈடாக மூன்றில் ஒரு பங்கு படுக்கைகளை இலவசமாகத் தர வேண்டும். தருகிறார்களா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்காவிட்டால் எய்ம்ஸிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று எச்சரிக்கிற அளவுக்குப் போனது.

அரசு வைத்த வரம்புக்கு மேல் போகாத குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கு இந்தப் படுக்கைகள். ஈ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்தவர்கள்) கவுன்ட்டர் என்று கேட்க வேண்டும். வரவேற்பில் இருக்கிற பெண் தெரியாது என்பார். நோடல் அதிகாரி யார் என்று கேட்டால் தெரியும். நம் ஆட்கள் பலர் அந்தக் கண்ணாடிக் கதவையே தாண்டுவதில்லை, செருப்பைப் பார்த்துக் காவலாளி நிறுத்திவிடுவான் என்ற பயம்.

நம் ஆட்கள் என்றேனே, ஜங்புரா பக்கத்தில் பாராபுல்லா நாலாவின் கரையில் மதராஸி கேம்ப் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. ஐம்பது வருஷத்துத் தமிழ்க் குடியிருப்பு. அங்கிருந்த பெண்கள் சுற்றியுள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்தார்கள். உடம்புக்கு வந்தால் சப்தர்ஜங்கும் எய்ம்ஸும் ஒரே பஸ். 2025 ஜூன் 1-ஆம் தேதி நீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்துத் தள்ளினார்கள். தகுதி உண்டு என்று ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கு மட்டும் நரேலாவில் வீடு. நகரத்தின் வடக்குக் கோடி, முப்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே போன ஓர் அக்காவைச் சந்தித்தேன். ரத்த அழுத்த மாத்திரைக்கு இன்னமும் சப்தர்ஜங்தான் வருகிறார். பஸ்ஸில் சமய்பூர் பாத்லி, அங்கிருந்து மஞ்சள் லைன் மெட்ரோ, எய்ம்ஸ் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடப்பது. பக்கத்தில் ஹரிச்சந்திரா ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றேன். "அங்க எனக்கு யாரையும் தெரியாதும்மா. இங்க பத்து வருசமா என் சீட்டப் பாத்தவங்க இருக்காங்க" என்றார். மெட்ரோவுக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால் மாத்திரையைத் தனியாரிலேயே வாங்கிவிடலாம். ஆனால் அவர் சொன்னதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரார் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பதற்கு இருக்கும் காரணங்களில் இதைவிட மோசமானவற்றை நான் கேட்டிருக்கிறேன்.

உங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்குப் பணச் சிக்கல் வேறு விதம். கார்டு இருந்தால் கவலை இல்லை என்று நினைப்பு. 2024 அக்டோபரிலிருந்து எழுபது வயதானவர்கள் யாரானாலும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து லட்சம் வரைக்கும் சிகிச்சை. தில்லியும் 2025 ஏப்ரலில் இந்தத் திட்டத்தில் சேர்ந்து தன் பங்காக இன்னொரு ஐந்து லட்சம் சேர்த்தது. ஆனால் அது அட்மிட் ஆனால்தான். மாதாந்திர மாத்திரைக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் வராது. பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் எல்லாமே அதில் சேர்ந்துவிடவும் இல்லை. மகனின் கம்பெனி இன்சூரன்ஸ் பெற்றோரையும் சேர்க்கிறதா, பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று வேலையில் சேர்ந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

பில்லைப் பற்றி ஒன்றே ஒன்று. இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு உச்ச விலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் லட்சத்துக்கு மேல் விற்றது முப்பதாயிரத்துக்குள் வந்தது. அடடா என்று மகிழ்ந்தோம். மறு வருஷமே மருந்து விலை ஆணையம் தலைநகர் வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்லைப் பிரித்துப் பார்த்தது. ஊசிக்குழல், கையுறை, டியூப் மாதிரியான சில்லறைச் சாமான்களிலும் மருந்திலும் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்திருந்தார்கள். ஆகவே தனித்தனி இனமாகப் பில் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது. அறுவைச் சிகிச்சை என்று சொன்னால் இரண்டாவது டாக்டரிடம் கேட்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் டாக்டர் கோபித்துக்கொண்டால் அவர் கோபித்துக்கொள்ளட்டும்.

அறக்கட்டளை ஆஸ்பத்திரிகளை நான் அரசு ஆஸ்பத்திரிக்கும் தனியாருக்கும் நடுவில் வைப்பேன். கரோல் பாக் தமிழர்கள் தலைமுறையாக நம்பிய சர் கங்கா ராம், லாகூரில் 1921-ல் தொடங்கி, பிரிவினைக்குப் பிறகு 1954-ல் தில்லியில் மறுபடி பிறந்தது. தீஸ் ஹஸாரி பக்கம் செயின்ட் ஸ்டீபன்ஸ், ஓக்லாவில் ஹோலி ஃபேமிலி. இங்கும் பில் வரும், கூட்டமும் இருக்கும். ஆனால் வார்டில் நர்ஸ் பெரும்பாலும் கோட்டயமோ திருவல்லாவோ. உங்கள் மனைவி இந்தி தெரியாமல் "எரியுதும்மா" என்றாலும் அவர்களுக்குப் புரியும். பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. இந்தி டாக்டர் எது கேட்டாலும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிற அம்மாக்களை எனக்குத் தெரியும்.

ஐயா, கடைசியாக உங்கள் வீட்டு விஷயம். நீங்கள் வரப்போவது நொய்டா. அது தில்லி அல்ல, உத்தரப் பிரதேசம். யமுனைக்கு இந்தப் பக்கம் தில்லியில் ஆம்புலன்ஸுக்கு 102 அடிக்கிறோம். நம் ஊரில் 102 பிரசவத் தாய்மாரை வீட்டில் கொண்டு விடும் வண்டி. நொய்டாவில் திருநெல்வேலி மாதிரியே 108. இரண்டு எண்ணையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள், 112-ஐயும் சேர்த்து.

வரும்போது அம்மாவின் பழைய இ.சி.ஜி. காகிதங்களை ஒன்று விடாமல் எடுத்து வாருங்கள். வெளிறிப்போயிருந்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புது டாக்டருக்கு இன்றைய கோட்டைவிட ஐந்து வருஷத்துக்கு முந்தைய கோடு அதிகம் சொல்லும். திருக்குறள் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவதாக எழுதியிருந்தீர்கள். நவம்பருக்குப் போடாதீர்கள். அறுவடைத் தாள் எரிக்கிற புகையும் பனியும் சேர்ந்து அப்போது இங்கே நல்ல நெஞ்சே திணறும். பிப்ரவரி முடிந்து வாருங்கள்.